பேக்ஸ்லாஷும் பதினோராயிரம் கோப்புகளும்: விண்டோஸிலிருந்து டெபியனுக்கு ஒரு மென்பொருளை மாற்றியபோது

சிவகாசியில் என் மாமா ஒரு சிறிய ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறார். காலண்டர், கல்யாணப் பத்திரிகை, லேபிள். பழைய டிசைனைத் தேடி எடுத்துத் தர, பைத்தான் நிரல்மொழியில் ஒரு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். மூவாயிரம் வரி இருக்கும். எந்த டிசைன் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்பது எஸ்க்யூலைட் டேட்டாபேஸில். திரையில் தேடினால் படம் வரும், பொத்தானை அழுத்தினால் கோப்பு இருக்கும் இடம் திறக்கும். வேலைச் சீட்டு, பில் போடுவதும் அதிலேயே.

அது ஓடிய கணினி நான்காம் தலைமுறை ஐ5. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதி முடிந்தது. விண்டோஸ் 11 இந்தக் கணினியை ஏற்காது. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். ஆடிப் பதினெட்டில் காலண்டர் ஆல்பம் வெளியானதிலிருந்து வருடக் கடைசி வரை சிவகாசியில் எந்த அச்சகத்திலும் கணினியில் கை வைக்க விடமாட்டார்கள். அதனால் பொங்கல் கழித்துத்தான் ஆரம்பித்தேன். 480 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று 3,200 ரூபாய்க்கு வாங்கி, அதில் டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டேன். பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே கழற்றித் தனியாக வைத்துவிட்டேன். வேறு செலவு இல்லை.

பில் போடும் மேசையில் மட்டும் விண்டோஸ் 11 மடிக்கணினி ஒன்று இருக்கிறது. அதிலும் டிசைனைத் தேடிப் பார்க்க வேண்டும். தினமும் இரவு டேட்டாபேஸின் நகல் ஒன்று அதற்குப் போகும். டிசைன் கோப்புகளை அது சம்பா வழியாக (லினக்ஸ் ஃபோல்டரை நெட்வொர்க்கில் விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) டெபியனிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆக, விண்டோஸை விட்டு முழுதாக வெளியேறும் வேலை இல்லை இது. ஒரே மென்பொருள் இரண்டு இடத்திலும் ஓட வேண்டும். பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் இதுதான் காரணம்.

முதல் ஓட்டம்

எதையும் மாற்றாமல் அப்படியே டெபியனில் ஓட்டிப் பார்த்தேன். பிழைச் செய்தி கொட்டும் என்றுதான் நினைத்தேன். நின்று போகும் பிழை ஒன்றும் வரவில்லை. புது வேலைச் சீட்டு போட்டேன், சேமித்துவிட்டதாகச் சொன்னது.

ஃபோல்டரைத் திறந்தால் "சீட்டு" என்ற ஃபோல்டரே இல்லை. அதற்குப் பதில் இப்படி ஒரே கோப்பு:

'சீட்டு\2026\0001.பிடிஎஃப்'

பாதையில் ஃபோல்டர்களைப் பிரிக்கும் பிரிகுறி விண்டோஸில் பேக்ஸ்லாஷ் (\), லினக்ஸில் ஸ்லாஷ் (/). லினக்ஸில் கோப்புப் பெயருக்குள் வரக்கூடாதவை இரண்டே: ஸ்லாஷ், அப்புறம் மதிப்பு பூஜ்ஜியமான பைட். பேக்ஸ்லாஷ் அங்கே மற்ற எழுத்துகளைப் போல ஒரு எழுத்து. எனவே "சீட்டு\2026\0001.பிடிஎஃப்" என்பது ஃபோல்டருக்குள் ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்பு இல்லை, நீளமான பெயர் கொண்ட ஒரு கோப்பு. 'எல்எஸ்' கட்டளை பெயரை மேற்கோளுக்குள் காட்டியதால்தான் கண்ணில் பட்டது. ஃபைல் மேனேஜரில் பார்த்திருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

இந்த வேலையிலேயே ஆபத்தானது இதுதான். மென்பொருள் நின்று போனால் நல்லது, உடனே தெரிந்துவிடும். இங்கே அது நிற்காமல் தவறான இடத்தில் எழுதிக்கொண்டே போகிறது. மறுநாள் பில் மேசையிலிருந்து ஃபோன்: "அண்ணே, ஃபோல்டருக்குள்ள ஏதோ ~ போட்டுப் புரியாத பேரு வந்திருக்கு." விண்டோஸால் தாங்க முடியாத பெயரை சம்பா ஒரு குட்டைப் பெயராக மாற்றிக் காட்டும். பேக்ஸ்லாஷ் உள்ள பெயருக்கும் அதைத்தான் செய்திருந்தது.

தேடிப் பிடிக்க இந்தக் கட்டளை போதும்:

ஃபைண்ட் . -நேம் '*\\*'

பேக்ஸ்லாஷை இரண்டு முறை போட வேண்டும். ஒன்று போட்டால் அடுத்த எழுத்தைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள் என்று அர்த்தமாகிவிடும். வேலை முடியும் வரை தினமும் காலையில் இதை ஒருமுறை ஓட்டினேன். பட்டியல் காலியாக வந்தால்தான் மேலே நகர்வது.

மொத்தமாக மாற்றினால் என்ன ஆகும்

விண்டோஸின் கோப்பு அழைப்புகள் ஸ்லாஷையும் ஏற்றுக்கொள்ளும். "டி:/வேலைகள்/2019" என்று கொடுத்தாலும் கோப்பு திறக்கும். சரி, நிரலில் உள்ள எல்லா பேக்ஸ்லாஷையும் ஸ்லாஷாக மாற்றிவிட்டால் இரண்டு பக்கமும் ஓடிவிடுமே என்று தோன்றும். நானும் ஒரு நகல் எடுத்து எடிட்டரில் அப்படி மாற்றி ஓட்டிப் பார்த்தேன்.

முதலில் உடைந்தது பில். புதிய வரியைக் குறிக்கும் குறியும் பேக்ஸ்லாஷில்தான் ஆரம்பிக்கிறது என்பதால், பில் முழுக்க ஒரே வரியாக வந்தது. அடுத்து, ஃபோல்டர் பெயரிலிருந்து வருடத்தைப் பிரித்தெடுக்கும் தேடல் கோவை (ரெகுலர் எக்ஸ்பிரஷன்). எண்ணைக் குறிக்கும் அதன் பேக்ஸ்லாஷும் போய்விட, எந்த டிசைனுக்கும் வருடம் கிடைக்கவில்லை.

விண்டோஸ் பக்கத்தில் "இடத்தைக் காட்டு" பொத்தான் கெட்டது. அது எக்ஸ்புளோரரைக் கட்டளை வரியில் அழைக்கிறது. எக்ஸ்புளோரருக்கு ஸ்லாஷ் போட்ட பாதையைக் கொடுத்தால் கேட்ட ஃபோல்டரை விட்டுவிட்டு வழக்கமான ஃபோல்டரைத் திறந்து வைக்கிறது. விண்டோஸ் ஸ்லாஷை ஏற்கும் என்பது நிரலுக்குள் கோப்பைத் திறக்கும்போது மட்டும்தான். கட்டளை வரியில் ஸ்லாஷ் என்பது விருப்பக் குறி. 'டிர்' கட்டளையில் ஸ்லாஷுக்குப் பின்னால் வருவதை ஃபோல்டர் பெயராகப் பார்க்காமல் விருப்பமாகத்தான் எடுத்துக்கொள்ளும். இது விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் பழக்கம். டாஸின் முதல் பதிப்பில் ஃபோல்டரே கிடையாது, ஸ்லாஷ் விருப்பக் குறியாகப் போய்விட்டது. 1983-இல் டாஸ் 2.0-இல் ஃபோல்டர்கள் வந்தபோது பேக்ஸ்லாஷை எடுத்துக்கொண்டார்கள்.

அந்த நகலை அழித்துவிட்டு ஒவ்வொரு இடமாகப் பார்க்க உட்கார்ந்தேன்.

நிரலில் எங்கெங்கே இருக்கிறது

இதில் பைத்தான் பதிப்பே உதவியது. பழைய கணினியில் 3.8. டெபியன் 13-இல் 3.13. பேக்ஸ்லாஷுக்குப் பின் தனக்குத் தெரியாத எழுத்து வந்தால், 3.12-லிருந்து பைத்தான் வரி எண்ணோடு எச்சரிக்கை காட்டுகிறது. எங்கள் ஃபோல்டர் பெயர்கள் பெரும்பாலும் தமிழ். "\வேலைகள்", "\காலண்டர்" என்று எழுதியதில், தமிழ் எழுத்துக்கு முன் வந்த பேக்ஸ்லாஷை பைத்தான் இத்தனை வருடம் தொடாமல் அப்படியே விட்டு வைத்திருந்தது. இப்போது அந்த இடங்கள் எல்லாம் எச்சரிக்கையாக வரிசையில் வந்து நின்றன. தேட வேண்டிய வேலை பாதி குறைந்தது.

எச்சரிக்கையே வராத இடங்கள் தனி. "\2019" என்று சாதாரணச் சரத்தில் (மேற்கோளுக்குள் வரும் எழுத்துத் தொடர்) எழுதினால் பைத்தான் அதை வருடமாகப் பார்க்காது. பேக்ஸ்லாஷுக்குப் பின் 0 முதல் 7 வரையுள்ள இலக்கங்கள் மூன்று வரை சேர்ந்தால், அது ஒரே எழுத்தின் குறியெண். எனவே "\201" ஒரு கண்ணுக்குத் தெரியாத எழுத்து, பக்கத்தில் தனியாக 9. வருட ஃபோல்டர் வைத்திருக்கும் எவரும் இதில் மாட்டலாம். என் நிரலில் இந்த இடங்களில் மட்டும் பேக்ஸ்லாஷ் இரட்டையாக இருந்தது, எழுதிய காலத்திலேயே விண்டோஸில் உடைந்திருக்கும் என்பதால். இவற்றுக்கு, கோப்புகளுக்குள் எழுத்தைத் தேடும் கிரெப் கட்டளையில் பேக்ஸ்லாஷை மட்டும் தேடி, வந்த ஒவ்வொரு வரியையும் கண்ணால் பார்த்துப் பிரித்தேன்: பாதையா, புதிய வரியா, தேடல் கோவையா. அலுப்பான வேலைதான், ஆனால் இதற்குக் குறுக்கு வழி கிடையாது.

டேட்டாபேஸ்

நிரல் சுலபமான பாதி. உண்மையான வேலை டேட்டாபேஸில் இருந்தது. பதினோராயிரத்துச் சொச்சம் வரிசைகள், ஒவ்வொன்றிலும் முழுப் பாதை. அதைத் திறந்து பார்த்தால் இத்தனை வகை:

டி:\வேலைகள்\2019\காலண்டர்\முருகன்.டிஃப்
டி:/வேலைகள்/2021/பத்திரிகை/0412.பிஎஸ்டி
\\பிரஸ்பிசி\வேலைகள்\2017\லேபிள்\ஊதுபத்தி.டிஃப்
\வேலைகள்\2016\காலண்டர்\விநாயகர்.டிஃப்
டி:பழையவை\லட்சுமி.டிஃப்

இரண்டாவது வகை எப்படி வந்தது என்று முதலில் பிடிபடவில்லை. விண்டோஸிலேயே ஓடிய மென்பொருளில் ஸ்லாஷ் எங்கிருந்து? பைத்தானில் திரை அமைக்க உதவும் டிகேஇன்டரின் கோப்புத் தேர்வுப் பெட்டிதான் காரணம். அது விண்டோஸிலும் ஸ்லாஷ் போட்ட பாதையைத்தான் திருப்பித் தருகிறது. ஃபோல்டரை வருடி நிரல் தானாகச் சேர்த்தவை பேக்ஸ்லாஷ், கையால் தேர்ந்தெடுத்துச் சேர்த்தவை ஸ்லாஷ். சில டிசைன்கள் இரண்டு வடிவிலும் இரண்டு வரிசைகளாக ஏறியிருந்தன. மாமா அடிக்கடி "ஒரே படம் ரெண்டு தடவ வருது மாப்ள" என்று சொன்னதற்கு விடை இங்கே இருந்தது.

ஐந்தாவது வகையைக் கவனிக்க வேண்டும். "டி:" என்பதற்குப் பின் பேக்ஸ்லாஷ் இல்லை. அது டி டிரைவின் உச்சியைக் குறிக்காது, டி டிரைவில் நிரல் அப்போது எந்த ஃபோல்டரில் நிற்கிறதோ அங்கிருந்து தொடங்கும் பாதை. விண்டோஸுக்கு மட்டுமே உள்ள வடிவம். லினக்ஸில் இதற்கு இணை எதுவும் இல்லை.

நான்காவது வகை இன்னொரு விதம். பேக்ஸ்லாஷை ஸ்லாஷாக்கி, லினக்ஸில் டிசைன்கள் எல்லாம் இருக்கும் மேல் ஃபோல்டரோடு (இனி வேர் ஃபோல்டர்) இணைத்தால், ஸ்லாஷில் தொடங்கும் இரண்டாம் பகுதி முதல் பகுதியை முழுதாக விழுங்கிவிடும். பைத்தானில் பாதைகளைக் கையாளும் பாத்லிப்பும் சரி, பழைய ஓஎஸ்.பாத்.ஜாயினும் சரி, இப்படித்தான் நடந்துகொள்ளும். "/எஸ்ஆர்வி/டிசைன்" என்பதோடு "/வேலைகள்/2016" சேர்ந்தால் மிஞ்சுவது "/வேலைகள்/2016". சோதனை ஓட்டத்தில் நிரல் டிஸ்க்கின் உச்சியில் போய் ஃபோல்டர் உருவாக்கப் பார்த்தது. சாதாரணப் பயனராக ஓட்டியதால் அனுமதி இல்லை என்று நின்றது. நிர்வாகி உரிமையோடு ஓட்டியிருந்தால் உருவாக்கியே இருக்கும். இந்த மாதிரி மாற்று வேலைகளை நிர்வாகியாக ஓட்டவே கூடாது.

இதற்கெல்லாம் கைகொடுத்தது பைத்தானின் பியூர்விண்டோஸ்பாத். பெயரில் விண்டோஸ் இருந்தாலும் லினக்ஸிலும் வேலை செய்யும். அது டிஸ்க்கைத் தொடாது. கொடுத்த சரத்தை விண்டோஸ் விதிப்படி பிரித்துத் தரும், அவ்வளவுதான். ஸ்லாஷ், பேக்ஸ்லாஷ் இரண்டையும் ஏற்கும். டிரைவ், நெட்வொர்க் பெயர், மீதிப் பாதை என்று தனித்தனியாகக் கொடுக்கும். ஆங்கிலப் பெரிய எழுத்து சிறிய எழுத்து வித்தியாசம் பாராமல் ஒப்பிடும். நானே சரத்தை வெட்டி ஒட்டியிருந்தால் நெட்வொர்க் பாதையில் நிச்சயம் கோட்டை விட்டிருப்பேன்.

மாற்றிய முறை இது. முதலில் டேட்டாபேஸை நகல் எடுத்துப் படிக்க மட்டும் என்று பூட்டி வைத்தேன். பிறகு ஒவ்வொரு பாதையையும் பிரித்து, "வேலைகள்" ஃபோல்டருக்குக் கீழே உள்ள பகுதியை மட்டும் எடுத்து, ஸ்லாஷால் இணைத்துப் பழையது ஒரு பத்தி, புதியது ஒரு பத்தியாக ஒரு அட்டவணைக் கோப்பில் எழுதினேன். இந்தக் கட்டத்தில் டேட்டாபேஸில் எதையும் மாற்றவில்லை. புதிய பாதையில் உண்மையிலேயே கோப்பு இருக்கிறதா என்பது மூன்றாவது பத்தி. அதில் "இல்லை" என்று வந்தவற்றை மட்டும் வடிகட்டிப் பார்த்தேன். அந்தப் பட்டியல் ஒரு திரைக்குள் அடங்கிய பிறகுதான் டேட்டாபேஸில் எழுதினேன்.

இப்போது டேட்டாபேஸில் "2019/காலண்டர்/முருகன்.டிஃப்" என்று மட்டும் இருக்கிறது. டிரைவும் இல்லை, வேர் ஃபோல்டரும் இல்லை. வேர் ஃபோல்டர் எது என்பது ஒவ்வொரு கணினியின் அமைப்புக் கோப்பிலும் ஒரு வரி. டெபியனில் "/எஸ்ஆர்வி/டிசைன்/வேலைகள்", மடிக்கணினியில் "இசட்:\வேலைகள்". டிரைவ் எழுத்து மாறினால் அந்த ஒரு வரியை மாற்றினால் போதும்.

"இல்லை" என்று வந்தவை

பிரிகுறியெல்லாம் சரியான பிறகும் கிடைக்காத கோப்புகள் இருந்தன. பாதி, ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து சிறிய எழுத்துக் குழப்பம். கேமராவிலிருந்து வந்த படத்தின் நீட்சி பெரிய எழுத்தில், டேட்டாபேஸில் சிறிய எழுத்தில். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸில் அவை வேறு வேறு கோப்புகள். டிஸ்க்கில் உள்ள உண்மையான பெயரைப் படித்து டேட்டாபேஸைத் திருத்தினேன். தமிழில் பெரிய எழுத்து சிறிய எழுத்து கிடையாது என்பதால் தமிழ்ப் பெயர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

தமிழுக்கு வேறு தொல்லை. "கோவில்" என்று பெயரிட்ட ஃபோல்டர் கண்ணெதிரே இருக்கிறது, நிரல் இல்லை என்கிறது. பெயரைப் பைட் பைட்டாக அச்சிட்டுப் பார்த்தேன். டேட்டாபேஸில் 18 பைட், டிஸ்க்கில் 21 பைட். "கோ" என்பதில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வெளியே டிசைன் செய்து தருபவர் ஒருவர் பழைய மேக் வைத்திருக்கிறார். மேக்கின் எச்எஃப்எஸ் பிளஸ் டிஸ்க்குகள் பெயரைப் பிரித்து வைக்கும் வழக்கம் கொண்டவை. அங்கிருந்து வந்த ஃபோல்டர்கள் எல்லாம் இப்படி. கொ, கோ, கௌ வரிசை எழுத்து எதுவாக இருந்தாலும் இது நடக்கும். லினக்ஸ் பைட்டை மட்டும்தான் ஒப்பிடும். விண்டோஸின் டிஸ்க் வடிவமான என்டிஎஃப்எஸ்ஸும் இவற்றை ஒன்றாக்காது, அதனால் இந்தச் சிக்கல் பழைய கணினியிலேயே இருந்திருக்கிறது. இப்போதுதான் வெளியே வந்தது. பைத்தானின் யூனிகோட்டேட்டா தொகுதியால் எல்லாப் பெயரையும், பிரிந்த குறிகளை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்கு மாற்றினேன், டேட்டாபேஸிலும் டிஸ்க்கிலும் சேர்த்து. டிஸ்க்கில் பெயர் மாற்றும் முன், மாற்றிய பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். ஒரு வருடத்துக்குள் இரண்டு "கோவில்" இருந்தன. அவற்றைக் கையால்தான் ஒன்று சேர்த்தேன்.

நகலெடுக்கும்போதே நின்றுபோன கோப்புகளும் சில உண்டு: பெயர் மிக நீளம் என்ற பிழையோடு. லினக்ஸின் எக்ஸ்ட்4 டிஸ்க்கில் ஒரு பெயருக்கு 255 பைட்தான். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8-இல் 3 பைட். ஆக 85 குறிகள், அதிலும் புள்ளியும் கொம்பும் தனித்தனியே கணக்கில் வரும். என்டிஎஃப்எஸ்ஸில் அதே 255 என்றாலும், அங்கே ஒரு தமிழ்க் குறிக்கு ஒரு அலகுதான். கல்யாணப் பத்திரிகைக் கோப்புக்கு மணமக்கள் பெயர், ஊர், மண்டபம் எல்லாம் சேர்த்துப் பெயர் வைத்திருந்தார்கள். அவற்றுக்கு வேலைச் சீட்டு எண்ணையே கோப்புப் பெயராக்கி, முழு விவரத்தை டேட்டாபேஸில் தனிப் பத்தியில் வைத்துவிட்டேன்.

ஜிப் கோப்பு

அச்சுப் பிளேட் போடும் இடத்திலிருந்து ஜிப்பாகக் கோப்பு வரும். ஜிப் வரையறைப்படி உள்ளே இருக்கும் பாதைகளில் ஸ்லாஷ்தான் இருக்க வேண்டும். ஆனால் பேக்ஸ்லாஷோடு எழுதும் கருவிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் ஃப்ரேம்வொர்க்கின் ஜிப் வகுப்பே 4.6.1 பதிப்புக்கு முன்பு அப்படித்தான் எழுதியது. 'அன்ஜிப்' கட்டளை எச்சரித்துவிட்டுத் தானே சரிசெய்துகொள்ளும். பைத்தானின் ஜிப்ஃபைல் லினக்ஸில் அதைச் செய்யாது; மறுபடியும் அதே "சீட்டு\2026" வகைப் பெயர்கள். ஜிப்புக்குள் இருக்கும் பெயருக்கு மட்டும் பேக்ஸ்லாஷை ஸ்லாஷாக மாற்றும் ஒரு வரியைச் சேர்த்தேன். வரையறையே ஸ்லாஷ் என்று சொல்வதால் இங்கே நேரடியாக மாற்றுவது சரி. மாற்றிய பின், பாதையில் இரட்டைப் புள்ளிப் (..) பகுதி இருந்தால் அந்தக் கோப்பைப் பிரிக்காமல் நிறுத்தும்படியும் செய்தேன். வெளியிலிருந்து வரும் ஜிப் வேர் ஃபோல்டருக்கு மேலே போய் எழுதக் கூடாது.

இப்போது இருக்கும் அமைப்பு

பாதை சம்பந்தப்பட்ட எல்லாம் ஒரே நிரல் கோப்பில். இரண்டே செயற்கூறுகள்: வெளியிலிருந்து வரும் எந்த வடிவத்தையும் உள்வடிவமாக்குவது ஒன்று, உள்வடிவத்தை இந்தக் கணினிக்கு ஏற்ற முழுப் பாதையாக்குவது இன்னொன்று. எக்ஸ்புளோரருக்கோ, லினக்ஸில் ஃபோல்டரைத் திறக்கும் எக்ஸ்டிஜி-ஓப்பன் கட்டளைக்கோ கொடுக்கும்போது மட்டும் இரண்டாவதை அழைக்கிறேன். நடுவில் எங்கேயும் சரத்தோடு சரத்தை ஒட்டுவது கிடையாது. மற்ற கோப்புகளில் பாதைக்காக பேக்ஸ்லாஷ் புகுந்துவிட்டதா என்று ஒவ்வொரு முறை வெளியிடும் முன்பும் கிரெப் பார்க்கும்.

இனி இப்படி ஒரு வேலை வந்தால் டேட்டாபேஸில்தான் ஆரம்பிப்பேன். அதைத் திறந்து வகைகளைப் பட்டியலிட்டிருந்தால் நிரலில் என்ன செய்ய வேண்டும் என்பது முதலிலேயே தெரிந்திருக்கும். நிரலில் தொடங்கியதால் சில செயற்கூறுகளை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. புது மென்பொருள் என்றால், விண்டோஸில் மட்டும் ஓடினாலும், முதல் நாளிலிருந்தே வேரில்லாத பாதையை ஸ்லாஷோடு சேமிப்பேன்.

கோரல்டிரா (டிசைன் மென்பொருள்) கோப்புகளுக்குள் இணைப்பாக வைத்த படங்களின் பாதைகளை நான் தொடவில்லை. அவை அந்தந்தக் கோப்புக்குள்ளேயே "டி:\" என்று இருக்கின்றன, பழைய டிசைனைத் திறக்கும்போது மடிக்கணினியில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொள்கிறார்கள்.

நான் சோதனைக்கு வைத்திருக்கும் பாதைகள் இவை. மேலே உள்ள ஐந்து வகைகளோடு இவற்றையும் உங்கள் நிரலுக்குக் கொடுத்துப் பாருங்கள்:

2019\\காலண்டர்//முருகன்.டிஃப் (இரட்டைப் பிரிகுறி)
2019/காலண்டர்\முருகன்.டிஃப் (கலப்பு)
2019\காலண்டர்\ (கடைசியில் பிரிகுறி)
..\..\2019 (மேலே ஏறுவது, நிராகரிக்க வேண்டும்)
கோவில், இரண்டு யூனிகோட் வடிவிலும்
86 தமிழ்க் குறிகள் கொண்ட பெயர்
வெற்றுச் சரம்

கடைசியில் உள்ள வெற்றுச் சரத்தை விட்டுவிடாதீர்கள். பாத்லிப் அதை நடப்பு ஃபோல்டராக எடுத்துக்கொள்ளும். வேரோடு சேர்த்தால் வேர் ஃபோல்டரே கிடைக்கும். அழிக்கும் பொத்தானுக்கு அப்படி ஒரு பாதை போய்ச் சேரக் கூடாது என்பதால், என் செயற்கூறு அதை உடனே பிழையாகத் திருப்பிவிடுகிறது.